பொருளின் பொருள்

சிலமலை என்பது போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் வழியில் அமைந்த ஓர் ஊர். அவ்வூர்த் தெருவில் நின்று மேற்கே நோக்கினால் வானளாவிய மலைத்தொடர் மதிலென நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். காலையில் அதன் முடிகளை வெண்முகில் மூடியிருக்கும். உச்சிப்போதில் முகில் விலகும். மாலையில் ஞாயிறு அதன் பின்னே மறையும். அம்மலைத்தொடரின் முடிகளுக்குப் பெயர்கள் பல உண்டு. ஆயினும் இவ்வட்டாரத்து மக்கள் அதனை வாளா 'மலை' என்றே வழங்குவர். "உங்கள் மகன் எங்கே?" என்று ஒருவரை வினவினால், "மலைக்குப் போயிருக்கிறான்" என்று விடை வரும். ஏலத்தோட்டத்திற்கோ தேயிலைத் தோட்டத்திற்கோ வேலைக்குச் சென்றுள்ளான் என்பதே அவ்விடையின் பொருள். இறைவனை வழிபடவோ இயற்கையைக் கண்டு களிக்கவோ சென்றான் என்று எவரும் கொள்ளார். இச்சிறு தொடருக்குள் நம் மக்களின் நெடுநாள் வாழ்வு அடங்கிக் கிடக்கிறது.

அம்மலையின் மறுபுறத்தில், கேரள மாநிலத்து மூணாறு நகரை அடுத்து நல்லதண்ணி என்னும் தேயிலைத் தோட்டம் உள்ளது. அத்தோட்டத்தில் 2005ஆம் ஆண்டு முதல் ஓர் அருங்காட்சியகம் விளங்கி வருகின்றது. ஒரு தேயிலைக் கம்பெனி நூறாண்டுக்கு மேலாகப் பயன்படுத்திய எந்திரங்களும் கருவிகளும் அங்குக் காக்கப்படுகின்றன. அவ்வருங்காட்சியகத்தில் இருப்பன யாவை, அவை நமக்கு உணர்த்துவது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

அரசர் பொருளும் உழைப்பாளர் பொருளும்

அருங்காட்சியகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன எவை? சென்னையில் 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இன்று எழும்பூரில் விளங்கும் அருங்காட்சியகத்தைக் கண்டோர், ஐம்பொன் திருமேனிகளையும் செப்பேடுகளையும் பழங்காசுகளையும் கூறுவர். அரசர் ஏந்திய வாளும் அணிந்த முடியுமே காக்கத் தக்கவை என்று கருதுவோர் இன்றும் உளர். உழவன் பிடித்த ஏரையும், நெசவாளி ஓட்டிய தறியையும், ஆலையிற் சுழன்ற சக்கரத்தையும் காட்சிப்பொருளாக வைக்கலாம் என்னும் எண்ணம் பிற்காலத்தில்தான் தோன்றியது.

ஐரோப்பாவின் வடகோடியில் பின்லாந்து என்னும் நாடு உள்ளது. அது காடும் ஏரியும் நிறைந்த நாடு. மரமே அதன் செல்வம். அந்நாட்டில் வெர்லா என்னும் சிற்றூரில், மரத்தை அரைத்துக் கூழாக்கி அட்டை செய்யும் ஆலை ஒன்று இருந்தது. 1964ஆம் ஆண்டில் அவ்வாலை ஓய்ந்தது. ஓய்ந்த ஆலையை இடித்து இரும்பை விற்றுவிடாமல், இருந்தபடியே காத்து, 1972ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாக்கினர். 1996ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. அங்கே எந்திரங்களை மட்டும் காட்டுவதில்லை. அட்டைகளை எடையிடும் இடத்தில் ஒரு பெண்மணி நெடுங்காலம் நின்று பணிசெய்தார். அவர் நின்ற இடத்தில் பலகைத் தரை தேய்ந்து குழிந்துள்ளது. அக்குழிவையும் வருவோர்க்குக் காட்டுகின்றனர். ஆலை அதிபரின் மாளிகையினும் அந்தத் தேய்ந்த பலகை பார்ப்போர் உள்ளத்தைத் தொடும் அன்றோ?

பின்லாந்துக்கு மரம் எத்தகையதோ, நம் மேற்கு மலைக்குத் தேயிலை அத்தகையது. ஆதலின் அத்தொழில் அங்கு வந்த வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும்.

காடு தோட்டமான வரலாறு

முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலின் மூணாறு என்பது அவ்வூர்ப் பெயராயிற்று. அதனைச் சூழ்ந்த மலைகள் கண்ணன் தேவன் மலைகள் எனப்படும். மலைவாழ் மக்களாகிய முதுவர் அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர்.

1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து 1,30,000 ஏக்கருக்கும் மேற்பட்ட மலைநிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். 1879ஆம் ஆண்டில் தோட்டக்காரர் சிலர் கூடி ஒரு சங்கம் நிறுவினர். காப்பியும் ஏலமும் சிங்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தனர். மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவது. 1880ஆம் ஆண்டில் ஷார்ப் என்பவர் பார்வதி என்னும் இடத்தில் ஏறத்தாழ 50 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அங்குத் தொடங்கிய தேயிலை காலப்போக்கில் மலை முழுதும் பரவியது. 1897ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி உருவாயிற்று. அதனை ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த பின்லே நிறுவனத்தார் நடத்தினர். 1964ஆம் ஆண்டில் டாடா நிறுவனத்தார் அவர்களுடன் கூட்டுச் சேர்ந்தனர். 1983ஆம் ஆண்டில் அது டாடா தேயிலைக் கம்பெனி என்னும் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டில் தோட்டங்கள் புதியதொரு கம்பெனியின் பொறுப்பில் வந்தன. அங்கு வேலை செய்யும் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் அதன் பங்குதாரராயினர்.

இறங்கிய தேயிலையும் ஏறிய மக்களும்

மலையில் விளைந்த தேயிலை கடல் கடந்து செல்ல வேண்டும். மலையோ செங்குத்தானது, வழியோ காடு. இவ்விடரை வென்ற வகை வியக்கத் தக்கது.

1902ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் என்னும் மலைவிளிம்பு நோக்கி ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. வண்டியின் சுமை பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின்மேல் நிற்கும். வண்டி சாயாதபடி பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். எருதுகள் அவ்வண்டியை இழுத்தன. 1908ஆம் ஆண்டில் அதனை நீக்கி, இரண்டடி அகலமுள்ள இருப்புப்பாதை இட்டு, நீராவி வண்டியை ஓட்டினர். அதுவே குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை.

டாப் ஸ்டேஷனில் இருப்புப்பாதை முடிந்தது, மலையும் முடிந்தது. அதன் கீழே நம் போடிப் பக்கத்துச் சரிவு. அங்கிருந்து கொட்டகுடி வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்கு வானில் கம்பிவடம் கட்டினர். தேயிலைப் பெட்டிகள் அவ்வடத்தில் தொங்கியவாறு காட்டின்மேல் மிதந்து கீழே இறங்கின. அவை வந்து சேர்ந்த அடிவாரம் பாட்டம் ஸ்டேஷன் எனப்பட்டது. அங்கிருந்து 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போடிக்கு மாட்டுவண்டிகள் பெட்டிகளைச் சுமந்து வந்தன. 1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிக்குப் புகைவண்டி வந்தது. அப்பாதை, அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு, 2023ஆம் ஆண்டில் மீண்டும் போடிவரை திறக்கப்பட்டது.

தேயிலை இறங்கிய சரிவில்தான் மக்கள் ஏறினர். மழை பொய்த்து மானாவாரி நிலம் காய்ந்தபோது மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் மலையேறினர். கங்காணிகள் முன்பணம் தந்து ஆள் சேர்த்தனர். கொட்டகுடி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும், தலையில் சட்டிபானையும் இடுப்பில் குழந்தையுமாக அவர்கள் நடந்தனர். அட்டை கடித்தது, குளிர் வாட்டியது, காய்ச்சல் கொன்றது. எஞ்சியோர் காட்டைத் திருத்தினர், தேயிலை நட்டனர், லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்தனர்.

1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அம்மலையில் பெருமழை பொழிந்தது. மலைகள் சரிந்தன, ஆறுகள் பெருகின, குண்டளை இருப்புப்பாதை அழிந்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் மலையாள நாட்டார் அதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். அதன்பின் அந்தப் புகைவண்டி மீண்டும் ஓடவே இல்லை. இன்று டாப் ஸ்டேஷன் செல்வோர் அங்கு வண்டியைக் காணார். நிலையம் என்னும் பெயரை மட்டுமே கேட்பர்.

அருங்காட்சியகத்தின் உள்ளே

மூணாறு நகரிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சென்றால் நல்லதண்ணி அருங்காட்சியகத்தை அடையலாம். அங்குள்ள பொருள்களுள் சிலவற்றை மட்டும் ஈண்டுக் காண்போம்.

முதலாவது, கருங்கல்லாலாகிய சூரியக் கடிகை. இஃது 1913ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இதனைச் செய்தவர் சீமைத் தச்சர் அல்லர். தென்பாண்டி நாட்டு நாசரேத்தில் இருந்த கைத்தொழிற் பள்ளியில் இது செய்யப்பட்டது. சூரியக் கடிகையின் நடுவே ஒரு தகடு சாய்ந்து நிற்கும். ஞாயிறு கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்ல அத்தகட்டின் நிழல் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். நிழல் விழும் கோட்டைக் கொண்டு பொழுதை அறியலாம். மலைநாட்டில் முகில் மூடினால் கடிகையும் ஓய்வெடுக்கும் போலும்!

இரண்டாவது, 1905ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டும் எந்திரம். இதன் பயனை அறிய, தேயிலை உருவாகும் முறையை அறிதல் வேண்டும். செடியிலிருந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளுவர். பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டுவர். வாடிய இலை துவளும். அதன் நீர் ஒருபங்கு வற்றும். பின்னர் உருட்டும் எந்திரத்தில் இடுவர். அங்கே இலை முறுகி நசுங்கும். அதன் நுண்ணறைகள் உடைந்து சாறு வெளிப்படும். அச்சாறு காற்றோடு கலக்கும்போது பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாகும், நறுமணமும் பிறக்கும். இதனைத் தொழிலாளர் புளிக்க வைத்தல் என்பர். ஏற்ற பதம் வந்தவுடன் வெப்பக் காற்றில் உலர்த்துவர். இறுதியில் சலித்துத் தரம் பிரிப்பர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எனவே, கடையில் நாம் வாங்கும் ஒரு பொட்டலத்தின் பின்னே ஆயிரக்கணக்கான முறை விரல்கள் மடங்கி நிமிர்ந்துள்ளன என்பதை மறத்தல் ஆகாது.

பழைய உருட்டெந்திரம் இலையை முழுமை குன்றாமல் முறுக்கும். 1930களில் அஸ்ஸாமில் வேறொரு முறை தோன்றியது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு விரைவில் சுழன்று இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். சிறு மணிகளாகக் கிடைக்கும் அத்தேயிலை விரைவில் சாயம் இறக்கும். இன்று நம் தேநீர்க் கடைகளில் பெரிதும் பயன்படுவது இதுவே. இவ்விருவகை முறைகளையும் செய்து காட்டும் சிறிய ஆலையும் அருங்காட்சியகத்தில் உண்டு.

மூன்றாவது, பெல்ட்டன் சக்கரம் என்னும் நீர்ச்சக்கரம். 1920களில் கன்னிமலைத் தோட்டத்து மின்னாக்கு நிலையத்தில் இது சுழன்றது. இதன் விளிம்பெங்கும் இரட்டைக் கிண்ணங்கள் பொருத்தப்பட்டிருக்கும். உயர்ந்த இடத்திலிருந்து குழாய்வழியே இறங்கும் நீர், குறுகிய வாயிலிருந்து அம்புபோலப் பாய்ந்து கிண்ணங்களைத் தாக்கும். தாக்கிய நீர் இருபுறமும் பிரிந்து திரும்பும். அவ்விசையால் சக்கரம் சுழலும். நீர் சிறிதாயினும் வீழும் உயரம் பெரிதாக இருப்பின் இச்சக்கரம் நன்கு பயன்படும். மலைக்கு இதனினும் ஏற்ற எந்திரம் வேறில்லை.

நான்காவது, வெள்ளத்தில் அழிந்த குண்டளை இருப்புப்பாதையின் எஞ்சின் சக்கரம். இவையன்றிக் கையாற் சுற்றும் கணக்கிடும் பொறிகளும், தட்டச்சுப் பொறிகளும், பழைய தொலைபேசிக் கருவிகளும், துரைமார் மாளிகைகளில் இருந்த மரப்பொருள்களும் ஆங்கு உள்ளன. பெரியகானல் தோட்டத்தருகே கிடைத்த முதுமக்கள் தாழி ஒன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. தேயிலை வருமுன்னரே, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே, இம்மலையில் மாந்தர் வாழ்ந்து மடிந்தனர் என்பதற்கு அத்தாழி சான்று பகரும்.

ஒரு மூதாட்டி கூறிய உரை

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவரோடு யான் அவ்வருங்காட்சியகத்திற்குச் சென்றேன். அவருடைய தாயாரும் எங்களுடன் வந்தார். அவ்வம்மையார் முப்பதாண்டுக்கு மேலாகக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்; எழுத்தறியாதவர். யான் ஒவ்வொரு பொருளின் கீழும் எழுதியிருந்த குறிப்பைப் படித்து அவருக்குக் கூறிக்கொண்டே வந்தேன். கற்றவன் என்னும் செருக்கும் எனக்குச் சிறிது இருந்தது.

உருட்டும் எந்திரத்தின் முன் நின்று, "அம்மா, இது 1905ஆம் ஆண்டினது" என்றேன்.

அவர் அதனை நெடுநேரம் பார்த்தார். பின்னர், "ஐயா, ஆண்டு எனக்குத் தெரியாது. இதைப் போன்ற ஒன்று எங்கள் ஆலையிலும் ஓடியது. நாங்கள் பகலில் பறித்த கொழுந்தை அது இரவில் உருட்டும். அதன் ஓசை லயம் வரைக்கும் கேட்கும். அந்த ஓசையில்தான் என் பிள்ளைகள் உறங்கின. விடியுமுன்னே ஓசை நின்றுவிட்டால், கொழுந்து குறைவு என்று படுத்தபடியே அறிந்துகொள்வோம். கொழுந்து குறைந்தால் கூலியும் குறையும். அன்றைக்கு எனக்கு உறக்கம் வராது" என்றார்.

சூரியக் கடிகையைக் கண்டபோது, "எங்களுக்குப் பொழுது காட்டியது ஆலைச் சங்குதான் ஐயா! பனி மூடினாலும் சங்கு ஊதும், மழை பெய்தாலும் சங்கு ஊதும்" என்றார்.

யான் வாயடைத்து நின்றேன். எழுதியிருந்த குறிப்பு ஆண்டைச் சொன்னது, எடையைச் சொன்னது, பயனைச் சொன்னது. அவ்வெந்திரத்தின் ஓசை ஒரு தாயின் உறக்கத்தை ஆண்டது என்பதைச் சொல்லவில்லை. அதனை எந்தக் குறிப்பும் சொல்ல இயலாது. அதனோடு வாழ்ந்தவரே சொல்ல இயலும்.

தமிழில் 'பொருள்' என்னும் சொல்லுக்குப் பண்டம் என்பதும் ஒரு பொருள்; சொல் உணர்த்தும் கருத்து என்பதும் ஒரு பொருள். பண்டமாகிய பொருளைக் கண்ணாடிப் பேழை காக்கும்; கரையானும் துருவும் அணுகாமல் காக்கும். கருத்தாகிய பொருளைக் காப்பது மக்களின் வாய்ச்சொல். எந்திரம் நூறாண்டு நிற்கும்; வாய்ச்சொல்லோ அதனைச் சொல்பவரோடு மறையும். ஆதலின், பண்டத்தைக் காப்பதில் நாம் காட்டும் கருத்தினைப் போல், சொல்லைக் காப்பதிலும் காட்டுதல் வேண்டும்.

சொல்லைக் காத்தோரும் இழந்தோரும்

இதனை உணர்ந்து செயற்பட்டோர் உளர். இலங்கையில் கண்டிக்கு அருகே அந்தானை என்னும் இடத்தில், 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தேயிலை ஆலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கு எந்திரங்கள் உள்ளன. கம்பளைப் பகுதியில் உள்ள பழைய பீகொக் தோட்டத்திலோ, 2007ஆம் ஆண்டில் வேறொரு வகை அருங்காட்சியகம் தோன்றியது. அது தொழிலாளர் அருங்காட்சியகம். தமிழ்த் தொழிலாளர் குடியிருந்த லயத்து அறைகளே அதன் கூடங்கள். அவர்கள் புழங்கிய பொருள்களே அதன் காட்சிகள். அவர்தம் வாழ்வு பற்றிய ஆவணங்களும் அங்குத் திரட்டப்பட்டுள்ளன. ஆலையும் லயமும் சேர்ந்ததே தேயிலையின் முழு வரலாறு என்பதை அவ்விரண்டு இடங்களும் ஒருங்கே உணர்த்துகின்றன.

லயங்கள் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணற்க. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. எழுபது உயிர்கள் மாண்டன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்று தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த குடும்பத்தினர். பாட்டனும் மகனும் பேரனும் ஒரே இரவில் மறைந்த வீடுகளில், அக்குடும்பங்களின் கதையைச் சொல்வதற்கும் ஆளில்லாமற் போயிற்று. உயிரிழப்பின் முன் பிற இழப்புகள் சிறியனவே. ஆயினும், கேட்டு எழுதி வையாத கதை எவ்வளவு எளிதில் அழியும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகின்றது.

இயற்கை அழிப்பது ஒருபுறம்; நம் கவலையின்மை அழிப்பது மற்றொருபுறம். என் பிழை ஒன்றை இங்கே மறையாமற் கூறுகின்றேன். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், யான் பணியாற்றிய பள்ளியில் ஓர் இருட்டறையைத் தூய்மை செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அங்கே பழைய வருகைப் பதிவேடுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பல பெயர்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் 'மலைக்குப் போய்விட்டான்', 'பெற்றோருடன் மலைக்குப் போய்விட்டாள்' என்று எவரோ ஓர் ஆசிரியர் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். எந்த ஆண்டில் பஞ்சம் வந்தது, எந்தத் தெருவார் சென்றனர், எத்துணைக் குழந்தைகள் கூடை சுமக்கப் பள்ளியை விட்டனர் என்பன எல்லாம் அவ்வேடுகளில் இருந்தன. இளமையின் விரைவில் யான் அவற்றை வெறுங்குப்பை என்று கருதினேன், எடைக்குப் போட்டேன், வந்த சிறு தொகைக்குச் சுண்ணாம்புக்கட்டி வாங்கினேன். தூய்மையான அறையைக் கண்டு பலரும் என்னைப் பாராட்டினர்.

அருங்காட்சியகத்தில் அம்மூதாட்டி பேசியபோது அந்தச் சிவப்பு மை என் கண்முன் தோன்றியது. அவ்வேடுகளை விலைகொடுத்து மீட்க இயலுமாயின், என் ஓய்வூதியம் முழுவதையும் கொடுப்பேன். ஆனால் அவை கூழாகிக் காகிதமாகி எங்கோ சென்றுவிட்டன.

நாம் செய்யத் தக்கது

மாணவர்களே! யான் அழித்ததை நீங்கள் ஒருவாறு ஈடு செய்ய இயலும். சிலமலையிலும் போடியிலும் கொட்டகுடியிலும், மலைக்குச் சென்று திரும்பிய முதியோர் இன்றும் வாழ்கின்றனர். அவருட் சிலர் உங்கள் பாட்டனாராகவோ பாட்டியாராகவோ இருத்தல் கூடும். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகே அமருங்கள். நம் வீட்டிலிருந்து முதலில் மலையேறியவர் யார் என்று கேளுங்கள். எவ்வழியாகச் சென்றார், எங்கே இரவு தங்கினார், தலையில் என்ன சுமந்தார் என்று கேளுங்கள். அவர்கள் கையாண்ட கருவிகளின் பெயர்களைக் கேளுங்கள். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை அளவாக வெட்டிவிடுதல். அதற்குரிய கத்தி எத்தகையது, கூடையின் கயிற்றைத் தலையில் எவ்வாறு மாட்டுவது என்பவற்றை அவர்கள் செய்தே காட்டுவர். அவர்கள் கூறியதை அவர்கள் சொற்களாலேயே எழுதுங்கள். உங்கள் இலக்கணத்தால் திருத்த வேண்டா. எழுதிய நாளையும் கூறியவர் பெயரையும் அவர் இசைவு பெற்றுக் குறியுங்கள்.

வீட்டில் பழைய கூடையோ, கம்பளியோ, கூலிச்சீட்டோ இருப்பின் அதனை எறியாதீர்கள். அதன் கதையை ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். இவ்வாறு பலர் சேர்த்தவை ஒரு பள்ளியின் அலமாரியில் இடம்பெற்றால், அதுவே நம் ஊரின் அருங்காட்சியகம் ஆகும். பெரிய கட்டடமும் பெரும்பொருளும் அதற்கு வேண்டுவதில்லை.

நல்லதண்ணிக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்கு அமையுமாயின் தவறாது சென்று காணுங்கள். அறிவு பெருகும், மலைத்தொழிலின் நுட்பம் விளங்கும். செல்லும்போது உழைத்த முதியவர் ஒருவரையும் கைப்பிடித்து உடன் அழைத்துச் செல்லுங்கள். எழுதியிருக்கும் குறிப்பை நீங்கள் படித்துக் காட்டுங்கள். எழுதாமல் விட்டதை அவர் உங்களுக்குச் சொல்வார். வீடு திரும்பியதும் அதனை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.